அப்பாவுக்கு ஓர் ஆடாத பெஞ்சு

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆயுத பூஜைக் காலை. வீட்டின் பின்புறம் பழைய நாளிதழை விரித்து, அப்பா தன் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அரம் ஆறு, சுத்தியல் மூன்று, ஒரு கட்டு ஸ்பேனர், கைப்பிடி தேய்ந்த இரும்பறுக்கும் ரம்பம், இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய ஒரு வைஸ். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு நிமிர்ந்தவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“தோட்டத்துல இதுக்கெல்லாம் பெஞ்சு இருந்துச்சும்மா. இங்க வந்ததிலேர்ந்து தரையிலதான் கெடக்கு.”

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பட்டறையில் 31 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்தவர் அவர். டிராக்டர் முதல் தண்ணீர் பம்பு வரை அவர் கை படாத இயந்திரம் அங்கே இல்லை. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தபோது கட்டில் வந்தது, அலமாரி வந்தது, சாமி படங்கள் வந்தன. பெஞ்சு மட்டும் வரவில்லை. அது தோட்டத்துச் சொத்து. அதோடு சிமெண்டுத் தரையில் போல்ட்டு போட்டு முடுக்கியது.

அந்த வாரமே இணையத்தில் ஒரு வேலைமேசையை வாங்கிக் கொடுத்தேன். அது எனக்கு நான்கு தையல்களைப் பரிசாகத் தந்தது. பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த பெஞ்சைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வீட்டில் ஒரு சின்னப் பட்டறை வைத்துக்கொள்ள நினைக்கும் யாருக்கும் இது உதவும்.

300 கிலோ தாங்கும், ஆனால்...

நான் வாங்கியது இரும்புக் கால்கள் மடங்கும் மேசை. விளம்பரத்தில் ‘300 கிலோ தாங்கும்’ என்று போட்டிருந்தது. பொய் இல்லை. ஏறி நின்றுகூடப் பார்த்தேன், தாங்கியது. அப்பா ஒன்றும் சொல்லாமல் அதன் ஓரத்தில் வைஸைப் பொருத்தினார். முகத்தில் மட்டும் ஒரு சந்தேகம்.

அடுத்த ஞாயிறு, துணி காயப்போடும் கம்பிக்காக ஓர் இரும்புக் குழாயை அறுக்க நானே இறங்கினேன். ரம்பத்தை முன்னே தள்ளும்போது மேசையும் முன்னே போனது. இழுக்கும்போது கூடவே வந்தது. எரிச்சலில் கொஞ்சம் வேகமாகத் தள்ளினேன். மேசை ஒரு பக்கம் தூக்கியது, ரம்பம் குழாயை விட்டு விலகி என் இடது கைக் கட்டைவிரலுக்குக் கீழே இறங்கியது. கிளினிக்கில் நான்கு தையல். இனி எல்லாக் குழாயையும் கடையிலேயே அறுத்து வாங்க வேண்டும் என்று அம்மா உத்தரவே போட்டுவிட்டார்.

அன்று மாலை அப்பா ஒரு எவர்சில்வர் தம்ளரில் விளிம்பு தட்டத் தண்ணீர் ஊற்றி, அந்த மேசையின் மேல் வைத்தார். பிறகு இடுப்பால் மேசையை ஓர் இடி இடித்தார். பாதித் தண்ணீர் கொட்டிவிட்டது.

“மேல வைக்கிற கனத்த இது தாங்கும்மா. பக்கவாட்டுல தள்ளுறத யாரு தாங்குறது?”

வேலைமேசையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. சாப்பாட்டு மேசைக்கு வரும் பாரமெல்லாம் மேலிருந்து கீழே வருகிறது. வேலைமேசை அப்படியல்ல. அறுப்பதும், அராவுவதும், இழைப்பதும், ஸ்பேனரை இழுப்பதும் பக்கவாட்டில் தள்ளுகிற வேலைகள். ‘எத்தனை கிலோ தாங்கும்’ என்ற எண் அந்தத் தள்ளலைப் பற்றி நமக்கு எதுவுமே சொல்வதில்லை.

தீப்பெட்டிப் பாடம்

ஏன் ஆடுகிறது என்பதை அப்பா ஒரு தீப்பெட்டியை வைத்து விளக்கினார். உள் தட்டை எடுத்துவிட்டு வெளிக்கூட்டை மட்டும் மேசைமேல் நிறுத்தி, மேல் பக்கத்தை விரலால் தள்ளுங்கள். சட்டென்று சாய்ந்து சப்பையாகிவிடும். இப்போது உள் தட்டைச் செருகிவிட்டுத் தள்ளிப் பாருங்கள். அசையாது. அட்டை தடிக்கவில்லை, மூலைகள் மட்டும் கட்டுப்பட்டுவிட்டன.

மேசையும் அப்படித்தான். நான்கு காலும் ஒரு பலகையும் சேர்ந்தால் அது வெறும் கூடு. அது சாயாமல் இருக்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் அடிப்பது, முக்கோணம் சாயாது. இரண்டு, பின்பக்கம் முழுவதையும் ஒரு பிளைவுட் தகட்டால் மூடித் திருகுவது. மூன்று, கால்களை இணைக்கும் சட்டங்களை அகலமாக வைத்து, இணைப்பை இறுக்கமாகச் செய்வது. நல்ல பெஞ்சில் இந்த மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும்.

அடுத்தது கனம். தோட்டத்துப் பட்டறைப் பெஞ்சுகளின் மேல்பலகையே மூன்று அங்குலத் தடிப்பு இருந்ததாம். அத்தனை மரத்துக்கு இன்று எங்கே போவது? கனத்தை வேறு வழியில் சேர்க்கலாம். கீழே ஒரு தட்டு அமைத்து அதில் செங்கல் அடுக்கினால் போதும். ஒரு செங்கல் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கிலோ இருக்கும். 20 கல் வைத்தால் 50 கிலோவுக்கு மேல். கருவிப் பெட்டிகளையும் அங்கேயே வைத்துவிட்டால் பெஞ்சு நகராது.

பால் நின்ற மரம்

மரத்தைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டங்களுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வயது. பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோகோன்னியே இங்கே ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் நடத்தியவர். 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிக அளவில் நட்டதும் அவர்தான். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். பின்னாளில் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார்.

அந்தக் காலத் தோட்டம் என்பது மரமும் லயமும் மட்டும் இல்லை. ஆலை இருந்தது, பட்டறை இருந்தது. கொல்லர், தச்சர், ஃபிட்டர் என்று கைத்தொழில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடம் போகாமலே இயந்திரத்தின் சத்தத்தை வைத்துக் கோளாறு சொன்னவர்கள் அவர்கள். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. அதற்கு முன்பே பல தோட்டங்களில் பட்டறைகள் மூடப்பட்டு, ஆட்கள் கலைந்துவிட்டார்கள்.

என் பாட்டி பால்வெட்டியவர். ரப்பர் மரம் 25, 30 வயதைத் தாண்டினால் பால் குறைந்துவிடும். வெட்டிச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். சாய்த்த மரம் அந்நாளில் விறகு. ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைக்கூடத்திலேயே அதை எரித்தார்கள். அறுத்த சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும், வண்டும் துளைத்துவிடும் என்பதால் மரவேலைக்கு ஆகாது என்று ஒதுக்கியிருந்தார்கள். அறுத்த உடனே போரான் கலந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் அது அருமையான மரம் என்று பிறகு தெரிந்தது. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. 1980-களிலிருந்து மூவார் போன்ற ஊர்களின் மரச்சாமான் தொழிலே இந்த மரத்தை நம்பி வளர்ந்தது. பாட்டி விறகாகப் பார்த்த மரம்தான் இன்று வெளிநாட்டு வீடுகளில் சாப்பாட்டு மேசையாக நிற்கிறது.

பெஞ்சுக்கு ரப்பர் மரம் ஏற்றதா? ஏற்றதுதான். மிதமான கடினம், லேசான மெராந்தி மரத்தைவிடச் சுத்தியல் அடியை நன்றாகத் தாங்கும். ஆனால் மூன்று எச்சரிக்கைகள். மருந்தேற்றி உலர்த்திய பலகையைத்தான் வாங்க வேண்டும்; தோட்டத்தில் சும்மா கிடக்கிறது என்று பச்சை மரத்தைக் கொண்டுவந்தால் வண்டுக்குத்தான் விருந்து. மழையோ சாரலோ படும் இடத்துக்கு அது ஆகாது. தண்ணீர் பட்டுக்கொண்டே இருந்தால் மருந்து கரைந்து வெளியேறிவிடும். கரையானையும் அது தாங்காது.

கால்களுக்கு எங்களுக்கு வேறு மரம் கிடைத்தது. தோட்டத்தில் ஒரு பழைய லயத்தை இடித்தபோது, அங்கே பொறுப்பில் இருந்தவரிடம் கேட்டு அப்பா சில சட்டங்களை வாங்கி வைத்திருந்தார். எழுபது ஆண்டு வெயில் மழை பார்த்த மரம். ஆணி உள்ளே இறங்க மறுத்தது. பழைய மரம் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் ரம்பம் வைக்கும் முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். உடைந்த ஆணி உள்ளே இருந்தால் ரம்பத்தின் பல் போய்விடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள், முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

முழங்கை சொல்லும் உயரம்

கடையில் விற்கும் மேசைகள் எல்லாருக்கும் ஒரே உயரம். அப்பா அளவு எடுத்த விதமே வேறு. நிமிர்ந்து நின்று கையை மடித்தார். முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறதோ, வைஸின் வாய் அந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்றார். அராவும்போது முன்கை தரைக்குச் சமமாகப் போய்வர வேண்டும். உயரம் கூடினால் தோள் வலிக்கும், குறைந்தால் இடுப்பு போய்விடும். ஃபிட்டர்களுக்கு முதல் நாளில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

அப்பாவின் முழங்கை உயரம் 101 செ.மீ. வைஸின் உயரம் 17 செ.மீ. ஆக, மேல்பலகையின் உயரம் 84 செ.மீ. உங்கள் வீட்டுக் கணக்கையும் இப்படியே போட்டுக்கொள்ளலாம். இழைப்புளி தள்ளும் மரவேலைதான் அதிகம் என்றால் இன்னும் கொஞ்சம் தாழ வேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு வரும் உயரம் சரியாக இருக்கும். வீட்டில் இரண்டு பேர் வேலை செய்வதாக இருந்தால் உயரமானவருக்கு அளவெடுங்கள். குட்டையானவர் ஒரு கட்டைப்பலகைமேல் ஏறி நிற்கலாம். நான் அப்படித்தான் நிற்கிறேன்.

நாங்கள் செய்த விதம்

மேல்பலகை 6 அடி நீளம், 2 அடி அகலம். 18 மி.மீ. பிளைவுட் ஒரு முழுத் தாளை, அதாவது 8 அடிக்கு 4 அடியை, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தோம். இரண்டிலும் 6 அடி வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளைப் பசை போட்டு ஒட்டி, இரவு முழுவதும் செங்கல் பாரம் ஏற்றி வைத்தோம். காலையில் 36 மி.மீ. தடிப்பில் ஒரே பலகை. மீந்த இரண்டு துண்டுகளும் கீழ்த்தட்டுக்கு ஆயின. மேலே பிளைவுட் வைத்ததற்குக் காரணம் உண்டு. கோல சிலாங்கூர் கடலோரம், காற்றில் எப்போதும் ஈரம். தனிப்பலகை ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். பிளைவுட்டில் மரப்படலங்கள் மாறி மாறிக் குறுக்கே இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு.

கால்கள் நான்கும் மூன்றரை அங்குலச் சதுரம், 80 செ.மீ. உயரம். மேலே கால்களை இணைக்கும் சட்டம் 6 அங்குல அகலம், கீழே உள்ளது 4 அங்குலம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். ஒவ்வொரு காலிலும் அரை அங்குலம் செதுக்கி, சட்டம் அதற்குள் உட்காரும்படி செய்தோம். அப்போதுதான் பாரம் மரத்தின்மேல் இறங்கும். இல்லையென்றால் போல்ட்டே எல்லாவற்றையும் சுமக்கும், நாளடைவில் துளை பெரிதாகி ஆட்டம் வந்துவிடும்.

இங்கேதான் அப்பா ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்றார். இடது, வலது பக்கச் சட்டகங்களைப் பசை போட்டு நிரந்தரமாக இணைக்கலாம். ஆனால் முன்னும் பின்னும் போகும் நீளச் சட்டங்களைக் கட்டாயம் போல்ட்டில்தான் மாட்ட வேண்டும் என்றார். எல்லாவற்றையும் ஒட்டிவிட்டால் இன்னும் உறுதியாக இருக்குமே என்று கேட்டேன்.

“நாளைக்கு வீடு மாறச் சொன்னா தூக்கிட்டுப் போகணும்லம்மா” என்றார்.

சொந்தமாக வாங்கிய வீடு. யாரும் மாறச் சொல்லப் போவதில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து தோட்டத்து வீட்டில் இருந்தவர் அவர். வேலை இருக்கும்வரைதான் வீடு என்பது அவர் வளர்ந்த விதி. மேரி, மின்யாக், சுங்கை திங்கி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பதை இந்த வட்டாரத்தில் எல்லாரும் அறிவார்கள். நான் மறுபேச்சுப் பேசாமல் 12 மி.மீ. போல்ட்டுகள் 16 வாங்கி வந்தேன். நான்கு கால், ஒவ்வொன்றிலும் இரண்டு இணைப்பு, இணைப்புக்கு இரண்டு போல்ட்டு. தலைப்பக்கமும் நட்டுப் பக்கமும் அகலமான வாஷர் போட வேண்டும். இல்லையென்றால் முடுக்க முடுக்க நட்டு மரத்துக்குள் புதைந்துகொண்டே போகும்.

முடுக்குவதற்கு முன் ஒரு சோதனை. மூலைக்கு மூலை நாடா பிடித்து அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டகம் சதுரமாக இருக்கிறது என்று பொருள். எங்களுக்கு முதலில் 9 மி.மீ. வித்தியாசம் வந்தது. ஒரு மூலையை ரப்பர்ச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்தோம். பிறகுதான் பின்பக்கம் 12 மி.மீ. பிளைவுட் தகட்டை வைத்து, ஒரு சாணுக்கு ஒன்றாகத் திருகாணி போட்டோம். கடைசித் திருகாணி இறங்கியதும் அப்பா பெஞ்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். முதன்முறையாகச் சிரித்தார்.

வைஸை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். காலுக்கு நேர் மேலே வைக்க வேண்டும். இரண்டு காலுக்கு நடுவே வைத்தால் சுத்தியல் அடிக்குப் பலகை துள்ளும். காலைத் தாண்டி ஓரத்தில் வைத்தால் பெஞ்சையே கவிழ்க்கப் பார்க்கும். என் தையலுக்குக் காரணம் அதுதான். வைஸின் அசையாத தாடை, மேசை விளிம்பைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும். பலகைக்கு அடியில் ஒரு ரப்பர் மரக்கட்டையை வைத்து, நான்கு போல்ட்டுகளையும் அதையும் ஊடுருவிப் போகும்படி முடுக்கினோம்.

தரையும் ஈரமும்

எல்லாம் முடிந்து பின்கட்டில் நிறுத்தினால் பெஞ்சு லேசாக ஆடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்துக் காட்டினார். மழைத்தண்ணீர் ஓட வேண்டும் என்று வீட்டின் பின்கட்டைச் சரிவாகத்தான் கட்டுவார்கள். குறையும் காலுக்கு அடியில் மெல்லிய வன்மரத் துண்டு ஒன்றைச் செருகியதும் ஆட்டம் நின்றது.

கால்களின் அடிப்பாகத்துக்கு மூன்று பூச்சு பெயிண்ட் அடித்தோம். மரம் தண்ணீரைக் குடிப்பது பெரும்பாலும் வெட்டு முனை வழியாகத்தான். பழைய டயரிலிருந்து நான்கு துண்டுகள் வெட்டி அடியில் வைத்தோம். ஈரமும் ஏறாது, வழுக்கவும் வழுக்காது. சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்தியிருக்கிறோம். கரையான் மண் கட்டினால் கண்ணில் படும். மாதம் ஒரு முறை குனிந்து பார்ப்பது அம்மாவின் பொறுப்பு.

பழைய சட்டங்களைத் தவிர்த்து எங்களுக்கு ஆன செலவு 400 ரிங்கிட்டுக்குள். நான்கு வார இறுதிகள் பிடித்தன.

வாங்குவதாக இருந்தால்

எல்லாராலும் செய்துகொள்ள முடியாது. கடையில் வாங்குவதானால் விளம்பரத்தை நம்பாமல் நேரில் போய் இடுப்பால் இடித்துப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை. பின்பக்கம் குறுக்குச் சட்டமோ முழுத் தகடோ இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரம் வைத்தது, மடங்குவது, இழுப்பறைகள் நிறைந்தது எல்லாம் பார்க்க அழகு. மடங்கும் ஒவ்வோர் இடமும் பிற்பாடு ஆடும் இடம் என்பதை மறக்க வேண்டாம்.

பக்கத்தில் நல்ல வெல்டிங் கடை இருந்தால் இரும்புச் சட்டகம் மட்டும் செய்யச் சொல்லலாம். இரண்டு அங்குலச் சதுரக் குழாய், 2 முதல் 3 மி.மீ. தடிப்பு, பின்னால் ஒரு குறுக்குக் கம்பி. உயரத்தை உங்கள் முழங்கையை வைத்துச் சொல்லுங்கள். மேல்பலகையை நீங்களே பொருத்திக்கொள்ளலாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு 4 அடி நீளம் போதும். வீட்டுச் சொந்தக்காரர் சம்மதித்தால் பெஞ்சின் பின்பக்கத்தை உறுதியான சுவரில் பிடித்துவிடுங்கள். மெல்லிய தடுப்புச் சுவர் வேண்டாம். கீழ்வீட்டாருக்குச் சத்தம் போகாமலிருக்கத் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். எங்கே வைத்தாலும் நல்ல வெளிச்சம், கண்ணாடிக் கவசம், கால் தடுக்காத மின்கம்பி ஆகிய மூன்றும் கட்டாயம்.

பெஞ்சுக்கு வந்தவர்கள்

முதலில் வந்தது எதிர்வீட்டு அத்தையின் தையல் இயந்திரம். பிறகு ஒரு புல்வெட்டி. அடுத்து, இன்னும் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளைத் தீட்ட எடுத்து வந்தார். அப்பா காசு கேட்பதில்லை. சிலர் கொடுக்கிறார்கள், சிலர் வாழைப்பழமோ கீரையோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். மத்தியானம் தொலைக்காட்சி முன்னால் தூங்கிக்கொண்டிருந்தவர் இப்போது மூன்று மணிக்கே பின்கட்டில் இருக்கிறார். மருந்து மாத்திரை குறையவில்லை; ஆனால் இடுப்பு வலி என்ற பேச்சு குறைந்திருக்கிறது.

பக்கத்து வரிசையில் இருக்கும் ஒரு பையன் எஸ்பிஎம் முடித்துவிட்டு எஸ்கேஎம் சான்றிதழுக்குப் படிக்கிறான். ஓர் இரும்புத் துண்டை அரத்தால் அராவி மட்டமாக்கிக் காட்ட வேண்டுமாம். வீட்டில் பயிற்சி செய்ய இடமில்லை. சனிக்கிழமைதோறும் வருகிறான். மூலமட்டத்தை வைத்துப் பார்த்தால் அவன் அராவியதன் நடுவில் மேடு தட்டுகிறது. “கைய ஆட்டாத ஐயா, உடம்போட தள்ளு” என்று அப்பா பத்தாவது முறையாகச் சொல்கிறார். இன்னும் மட்டம் வரவில்லை. ஆனால் மேடு சிறிதாகிக்கொண்டு வருகிறது.

புதிய வீடுகளின் வரைபடத்தில் மூன்று அறை இருக்கிறது, கார் நிறுத்த இடம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்தவர்களின் கையில் இருந்த தொழிலுக்கு ஓர் இடம் என்று யாரும் கோடு போடவில்லை. அதை நாம்தான் ஆறடிக்கு இரண்டடி ஒதுக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒரு மூலையில் சாக்குப்பையில் கட்டி வைத்த கருவிகள் இருக்கலாம். இன்று மாலை அதன் சொந்தக்காரரிடம் முழங்கை உயரம் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். புது மரம் காயக் காயச் சுருங்கும், போல்ட்டு தளரும். முதல் மாதத்தில் ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை முடுக்க வேண்டும். நாங்கள் அதற்கு ஆயுத பூஜைக்கு முந்தைய நாளை வைத்துக்கொண்டிருக்கிறோம். பெஞ்சைத் துடைத்து, 16 போல்ட்டையும் முடுக்கி, அதன்பிறகே கருவிகளை மேலே அடுக்குகிறோம். கடைசியாக அப்பா விளிம்பு தட்டத் தண்ணீர் ஊற்றிய தம்ளரை நடுவில் வைத்து, இடுப்பால் ஓர் இடி இடிப்பார். போன ஆண்டு ஒரு சொட்டு சிந்தியது. எந்தப் போல்ட்டு என்று இருவரும் குனிந்து தேடினோம்.